மாடி அறையும் இரண்டு கேலக்ஸிகளும்

உயிரே போனாலும் மாடி அறையை விடுவதில்லை என்று ராபின்சன் தீர்மானித்துவிட்டார். காரோடு ஊரிலிருந்த வீட்டில் அவருக்கென்று இருந்தது அந்த ஓர் அறைதான். அவருடைய தொலைநோக்கி அங்கேதான் நின்றது. மனைவி ஜீனாவுக்கோ, தன் தம்பி நிபின் புதுவீடு கட்டி முடியும்வரை குடும்பத்தோடு அங்கே இருக்கட்டும் என்று ஆசை.

ஜீனாவிடம் நேருக்கு நேர் வாதாடி ஜெயித்தவன் எவன்? அதனால் நிபின் வந்த அன்று சாயங்காலக் குடும்ப ஜெபத்தைப் பிடித்துக்கொண்டார். வசனம் வாசித்ததும் வீட்டுக்காரர்தான் பேசுவார். யாரும் குறுக்கே பேசமாட்டார்கள்.

"ஒரு பெரிய கேலக்ஸி. சின்னது ஒண்ணு சொந்தம் கொண்டாடிட்டு கிட்ட வருது. பெரிசு விடுமா? இழுக்கும். சின்னதுக்க நட்சத்திரமெல்லாம் ஆறு மாதிரி நீண்டு ஒழுகிப் போவும். கடைசியில அதுக்கு ஊருமில்ல, பேருமில்ல. கிட்ட வந்தா நாசமாக்கும், மக்கா."

நிபினின் முகம் தொங்கிப்போயிற்று. இன்னும் ஒரு தள்ளு போதும்.

"எனக்கொரு சம்சயம் உண்டு," என்றாள் ஜீனா. "அப்ப நட்சத்திரமும் நட்சத்திரமும் முட்டுமா?"

மடியில் வேதப்புத்தகத்தை வைத்துக்கொண்டு எப்படிப் பொய் சொல்வது?

"முட்டாது. நடுவுல அம்புட்டு இடம் கெடக்கு."

"இழுத்து முடிய எவ்வளவு காலமாவும்?"

"அது... கோடிக்கணக்கான வருசம்."

"சரி, நான் ஜெபிக்கேன்."

முடிவு ஜெபம் எப்போதும் அவளுடையது. அப்போது கண்ணையும் திறக்கக்கூடாது, வாயையும் திறக்கக்கூடாது.

"ஆண்டவரே, ரெண்டு கேலக்ஸி ஒண்ணுக்குள்ள ஒண்ணு போனாலும் ஒரு நட்சத்திரமும் முட்டாம காக்கிறீரே. அதுபோல மாடியில நிபின் குடும்பத்தையும், கீழ எங்களையும் காத்தருளும். இவருக்கு இந்த நல்ல மனசைத் தந்ததுக்கு ஸ்தோத்திரம்."

நிறுத்தினாள். ஆமென் சொல்லாமல் காத்திருந்தாள். நிபினும் காத்திருந்தான். ஜெபத்துக்கு ஆமென் சொல்லாத மனுசன் ஞாயிற்றுக்கிழமை எந்த முகத்தோடு கோயிலுக்குப் போவான்?

"ஆமென்," என்று தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார் ராபின்சன்.

நிபின் கண்ணைத் துடைத்தான். "அத்தான், பாறசாலையில வாடகைவீடு கெடச்சாச்சு, இங்க வரல்லண்ணு சொல்லத்தான் வந்தேன். நீங்களே ஆமென் சொன்னப்புறம் அங்க போவ மனசு வருமா? நாளைக்கே வாறேன்."

ராபின்சன் மெல்ல ஜீனாவின் பக்கம் திரும்பினார். "வாடகைவீட்டு விசயம் உனக்குத் தெரியுமா?"

"காலையிலயே போன்ல சொன்னான். இவனை எப்பிடிச் சம்மதிக்க வைக்கியதுண்ணு நான் முழிச்சிட்டிருந்தேன். நல்லநேரம், நீங்க பிரசங்கத்தைத் தொடங்கினீங்க."