நஜாத் மாமாவின் ஆட்டுக்கு மேல் பல் இல்லை

கற்பிட்டி,
திங்கட்கிழமை பகல், லுஹருக்குப் பிறகு.

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய நஜாத் மாமாவுக்கு, உங்கள் ராத்தாவின் மகள் இல்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பா, உம்மா, நான் மூவரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். தோஹாவில் நீங்களும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். பெருநாளில் உங்கள் பெயரில் அறுத்துக் குர்பான் கொடுக்க நாங்கள் வாங்கிய ஆட்டைப் பற்றி மட்டும் அப்படி எழுத முடியவில்லை.

இதை வீட்டுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். பெருநாளுக்கு இரண்டே நாள் இருக்கையில் தம்பியின் மனதைக் கலக்கக் கூடாது என்று உம்மா சொல்லிவிட்டார். போன் வாப்பாவின் கையில். பக்கத்து வீட்டு ஸப்ராஸ் நானா இன்று இரவு தோஹாவுக்குத் திரும்புகிறார். அவரிடம் கொடுத்தால் காலையில் உங்களுக்குக் கிடைத்துவிடும்.

எல்லாம் விஞ்ஞான பாடத்தில் தொடங்கியது. இந்த வருடம் வந்த ஹஃபீலா டீச்சர் புத்தகத்தை மூடச் சொல்லித்தான் பாடத்தையே தொடங்குவார். நாங்கள் கேள்வி கேட்டால் பதில் சொல்லமாட்டார், இன்னொரு கேள்வி கேட்பார். போன கிழமை, ‘வாயைப் பார்த்து உணவைச் சொல்லலாமா?’ என்று பலகையில் எழுதி, வீட்டில் இருக்கும் ஒரு பிராணியின் வாயைப் பார்த்து வரச் சொன்னார். என் வகுப்புப் பஸீனா, வீட்டில் பிராணி இல்லாததால் தன் தம்பியின் வாயைப் பார்த்து எழுதினாள். டீச்சர் அதையும் திருத்திக் கொடுத்தார். எங்கள் வீட்டில் உங்கள் ஆடு கட்டியிருந்தது. மண்ணிறம், ஒரு காது மட்டும் வெள்ளை. கொப்பியில் அதற்கு ‘பிராணி 1’ என்று பெயர் வைத்தேன். மூன்று நாள் பூவரசம் இலை கொடுத்துப் பழக்கிய பிறகு நேற்றுப் பின்னேரம் அது வாயைத் திறக்க விட்டது. கீழே எட்டு முன்பற்கள், நாலு பெரிது, நாலு சிறிது. மேலே ஒன்றுமே இல்லை, மாமா. பல் முளைக்காத வெறும் முரசுச் சதை. விரலால் தடவியும் பார்த்தேன், கட்டியாக இருந்தது. ஆனால் இலையை மட்டும் அழகாகக் கடித்துத் தின்றது. அதையும் எழுதி வைத்தேன், யோசிக்கவில்லை.

நான் உம்மாவிடம் சொல்ல, உம்மா வாப்பாவிடம் சொல்ல, வாப்பா வள்ளத்து இன்ஜினைத் திருத்திக்கொண்டிருந்த கையோடு ஓடிவந்து மேல் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஆட்டின் மூக்கில் கிரீஸ் ஒட்டியது. வாப்பா அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். எட்டு வருடம் பாலைவனத்தில் வேலை செய்து ஒரு மனிதன் கொடுக்கிற முதல் குர்பான், அதற்குக் குர்பானுக்கு ஆகாத குறையுள்ள ஆட்டை வாங்கிவிட்டோமே என்று உம்மா அழுதார். பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் மார்க்கத் தீர்ப்புக் கேட்கப் போனோம். அவர், “பல்லு எப்படிப் போச்சு? விழுந்ததா, ஒடஞ்சதா, பொறப்பிலயே இல்லியா? அதத் தெரிஞ்சிக்கிட்டு வாங்க” என்றார். நல்ல கேள்வி.

அங்கிருந்து ஆட்டு யாவாரி நூஹு நானாவிடம் போனோம். ஏமாற்றிவிட்டீர்கள் என்று வாப்பா சத்தம் போட்டார். நூஹு நானாவும் முதலில் சத்தம் போட்டார். பிறகு உதட்டைத் தூக்கிப் பார்த்தார். அவர் முகம் வெளிறிவிட்டது. “முப்பது வருஷமா நான் கீழ்ப்பல்லத்தானே பாக்கிற. வயசு அதிலதானே தெரியும்” என்று மெதுவாகச் சொன்னார். ஆட்டை அங்கேயே கட்டிவிட்டோம். பட்டியில் இருந்த மற்ற பதினொரு ஆடும் வேறு ஆட்களுக்கு விலை பேசி முடிந்தவை. நாளைக்கு ஆனமடுவப் பக்கமிருந்து ஒன்று வந்தால் தருவாராம், வராவிட்டால் இல்லையாம்.

ஆகவே மாமா, உங்கள் பெயரில் இப்போது ஆடே இல்லை. ஊரில் ஏழு பேர் சேர்ந்து கொடுக்கும் மாட்டில் ஒரு பங்கு மிச்சம் இருக்கிறது, அதை எடுக்கலாமா? அல்லது ஆனமடுவ ஆட்டுக்குக் காத்திருப்பதா? நாளை லுஹருக்குள் வாப்பாவுக்குப் போனில் கோல் எடுத்துச் சொல்லுங்கள். நான் எழுதியதாகச் சொல்ல வேண்டாம்.

அல்லாஹ் உங்கள் நிய்யத்தை ஏற்றுக்கொள்ளட்டும். உங்களோடு அறையில் இருக்கும் எல்லாருக்கும் என் ஸலாம்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்
இல்மா, எட்டாம் வகுப்பு

பி.கு.: உறையை ஒட்டிவிட்டேன், அதனால் இதை அதன் முதுகில் எழுதுகிறேன். முதலில் இதை வாசியுங்கள். பின்னேரம் அஸருக்குப் பிறகு டீச்சரின் வீட்டுக்குப் போய்க் கொப்பியைக் காட்டினேன். முழுவதையும் வாசித்துவிட்டு, “எத்தன ஆடு பாத்தீங்க, இல்மா?” என்று மட்டும் கேட்டார். ஒன்று என்றேன். அவர் கொப்பியைத் திருப்பித் தந்தார். நேரே நூஹு நானாவின் பட்டிக்கு ஓடினேன். அவர் ஒவ்வொரு உதடாகத் தூக்க, நான் எழுதினேன். பிராணி 2 முதல் 12 வரை, ஒன்றுக்கும் மேல் முன்பல் இல்லை. ஆடு என்றால் அப்படித்தானாம். நூஹு நானா தவிட்டுச் சாக்கின் மேல் இருந்துவிட்டார். “புள்ள, இத மத்த யாவாரிமாருக்குச் செல்லிராதீங்க” என்றார். வாப்பா போய் உங்கள் ஆட்டைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார், மாட்டுப் பங்கு தேவையில்லை. ஏன் ஒரு ஆட்டோடு நிறுத்தினீர்கள் என்று டீச்சர் நாளைக்குக் கேட்பார். பிராணி 1க்குக் குறை இருந்தால் அதை அறுக்கமாட்டார்கள், பெருநாளுக்குப் பிறகும் அது எங்கள் வீட்டில் இருக்கும் என்று நினைத்தேன், மாமா. கொப்பியில் அதையும் எழுதிவிட்டேன். பிராணி 1 குறையில்லாதது. நான்தான் நிரூபித்தேன். இப்போது என் கையிலிருந்து பூவரசம் இலை தின்றுகொண்டிருக்கிறது.