கொமா பெயிண்டர்

றக்வானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கொமா பெயிண்டர் அளவுக்கு ஆங்கிலத்தைச் சித்திரவதை செய்தவர் யாரும் கிடையாது. வெள்ளைக்காரன் நம்மைப் படுத்திய பாட்டுக்கெல்லாம் தனி ஆளாகப் பழிவாங்கினார்.

பெயர்ப்பலகை எழுதுவது தொழில். எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆனால் ஆங்கில எழுத்துக்குத் தலைமேல் தொங்குமே ஒரு சின்னக் கொமா, அப்போஸ்ட்ரஃபி, அதை மனுஷன் இஷ்டத்துக்கு வைப்பார். கடைப் பலகையில் பன்ஸ், கேக்ஸ் எல்லாவற்றிலும் கடைசி எஸ்ஸுக்கு முன்னால் ஒரு கொமா. பூப் பறிக்காதே என்ற ‘டோன்ட்’ பலகையில், கட்டாயம் வேண்டிய இடத்தில், மொட்டை! பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

“அது கொமா இல்ல சேர், திருஷ்டிப் பொட்டு. பச்சப்புள்ளைக்குக் கன்னத்துல வைக்கிறோம்ல? புதுப் பலகைக்கு வேணாமா?”

“அப்ப பூப் பறிக்காதேங்கிறதுக்கு ஏண்ணே வைக்கல?”

“அதப் பாத்து எவன் சேர் பொறாமப்படப் போறான்?”

‘மெனேஜர்ஸ் பங்களோ’ பலகையிலும் இல்லை. மெனேஜருக்குச் சொந்தம் என்று காட்ட அங்கே வைத்தே ஆகவேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

“தொரைக்குக் கண்ணு பட்டா படட்டும் சேர்” என்று பிரஷைக் கழுவினார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

இந்த மனுஷனிடமா நான் மாட்டவேண்டும்? இருந்த கிளார்க் வேலையை விட்டுவிட்டுத் தோட்டத்தில் இங்கிலீஷ் கிளாஸ் தொடங்கினேன். பலகை எழுத வேறு ஆள் இல்லை. “கொமா மட்டும் வேணாம்ணே, கும்பிடுறேன்” என்றேன். “ஹரி ஹரி சேர்” என்று சிங்களத்தில் சரி சொன்னார்.

கிளாஸ் தொடங்கும் அன்று காலையில் பலகை வந்தது. ‘இங்கிலீஷ் கிளாஸஸ்’ என்ற இரண்டே சொல்லில் மூன்று கொமா! டவுனில் நாலு எழுத்து படித்தவன் பார்த்தால் போதும், என் பிழைப்பு அன்றோடு முடிந்தது.

“என் வயித்துல அடிக்கிறீங்களேண்ணே!”

“நம்ம தோட்டத்துல மொத இங்கிலீஷ் கிளாஸ் சேர். எத்தன கண்ணு படும்? அதான் மூணு.”

பிளேடால் மூன்றையும் நானே சுரண்டினேன். அவர் முகம் தொங்கிப்போனது. பலகையைத் திருப்பி, பின்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கொமா போட்டார்.

“முன்னால ஒங்க இங்கிலீஷ் இருக்கட்டும், பின்னால இது இருக்கட்டும். புள்ளைங்க வரணும்ல சேர்.”

வந்தார்கள். கிளாஸ் இன்றும் நடக்கிறது. பெயிண்டர்தான் போய்ச் சேர்ந்துவிட்டார். மழையில் பலகை இற்றுப்போனதால் போன மாதம் புதிதாகச் செய்தேன். வேறொருவர் எழுதினார், ஒரு பிழை கிடையாது. மாட்டுவதற்கு முன் அதைத் திருப்பிவைத்து, பின்பக்கம் நானே ஒரு கொமா போட்டேன்.