சுண்ணாம்பண்ணன் வளைத்த கோடு

சுண்ணாம்பண்ணனிடம் திட்டு வாங்காத உயிர் எங்கள் ஊர்ப் பக்கம் ஒன்றுகூடக் கிடையாது. ஆடு, மாடு, டவுன் பஸ் டிரைவர், கொடியேற்ற வந்த சிறப்பு விருந்தினர், சீர்த்தட்டு தூக்கிவந்த சம்பந்தி என்று எல்லோரும் வாங்கியிருக்கிறார்கள். நான் இருபது வருடம் வாங்கினேன். இதை எழுத உட்கார்ந்தபோதே எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றியது. எழுதாமல் விட்டால் இவ்வளவு கோபமும் வீணாகப் போய்விடுமே என்று எழுதுகிறேன்.

உசிலம்பட்டியிலிருந்து எழுமலை போகிற ரோட்டை ஒட்டி எங்கள் மைதானம். அங்கே சுண்ணாம்புக் கோடு போடுவது அண்ணன் தொழில். பள்ளிக்கூட விளையாட்டு விழா, கபடி, வாலிபால், போலீஸ் தேர்வுக்கு ஓடிப் பழகுகிறவர்களுக்கான டிராக், எல்லாம் அவர் கைவேலைதான். ஒரு கட்டுக் கயிறு, நாலு முளைக்குச்சி, அடியில் ஓட்டை போட்ட எண்ணெய் டின். இவ்வளவுதான் சொத்து. சொந்தப் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். வாக்காளர் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது பயன்பட்டதாகத் தெரியவில்லை.

ஓட்டப்பந்தயத்தில் அவருக்குத் துளி அக்கறை கிடையாது. யார் ஜெயித்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. பந்தயம் முடிந்ததும் குனிந்தபடியே ஒரு சுற்று வருவார். எந்தக் கோட்டில் எவன் கால் பட்டிருக்கிறது என்று பார்ப்பார். "ஓடுறது உங்க வேல. கோடு என் வேல. மிதிச்சீங்க, கால ஒடிச்சு கையில குடுத்துருவேன்" என்பார். சொல்கிற முகத்தைப் பார்த்தால் செய்துவிடுவார் என்றுதான் இருக்கும்.

ஒரு தை மாதம், விளையாட்டு விழா அன்று காலையில் மைதானத்துக்கு அந்தப் பக்க மண்டபத்தில் கல்யாணம். ரோட்டில் சந்தை நெரிசல். கார் நகரவில்லை. மாப்பிள்ளையை இறக்கி, மைதானத்துக் குறுக்கே நடத்திக் கூட்டிப்போய்விடலாம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். நல்ல முடிவுதான். நடுவில் அண்ணன் கயிற்றோடு நிற்பார் என்று அவர்களுக்குத் தெரியாது.

"முகூர்த்தம் போகுதுய்யா, வழிய விடு!" என்று கத்தினார் தாய்மாமன்.

"ரோட்டச் சுத்திப் போங்க."

"சுத்திப் போனா அரைமணி நேரம் ஆகும்யா!"

"அப்ப லேனுக்குள்ள நடங்க. ஒத்த ஒத்த ஆளா. கோட்டுல கால் படக்கூடாது."

நடந்தார்களா என்று கேட்காதீர்கள். நடந்தார்கள். முதல் லேனில் பட்டுவேட்டியோடு மாப்பிள்ளை, இரண்டாவதில் தாய்மாமன், மூன்றாவதில் நாதஸ்வரக்காரர், அவருக்குப் பின்னால் மூச்சிரைக்கத் தவில். வளைவில் மாப்பிள்ளை லேசாகத் தடுமாறியதும் அண்ணன் பாய்ந்துவிட்டார். "தாலி கட்டப்போற ஆளு, ஒரு கோட்டுக்குள்ள நடக்கத் தெரியலையே! நீ எப்பிடிய்யா குடும்பம் நடத்துவ?" மாப்பிள்ளை மன்னிப்புக் கேட்டார். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

என் சொந்தக் கோபம் தனி. பள்ளிக்கூடக் கடைசி வருடம் நானூறு மீட்டர் ஓடினேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: டிராக்கில் சரியாக ஒரு சுற்று. தொடக்கத்திலிருந்து முடிவு வரை அவரவர் லேனுக்குள்ளேயே ஓட வேண்டும். முந்நூறு மீட்டர் தாண்டியதும் தொடை கல்லாகிவிடும், கண் இருட்டும். அந்த நிலைமையிலும் நான் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தேன். அதற்கு முன் என் வாழ்க்கையில் நான் எதிலும் இரண்டாவதாகக்கூட வந்ததில்லை. "மிதிச்சுட்டான்!" என்று வளைவிலிருந்து ஒரு கூப்பாடு. ஒரே ஒரு தடவை, கட்டைவிரல் நுனி. சர்டிபிகேட் போச்சு. "கண்ணு தெரியலையா ஒனக்கு? அம்புட்டு வெள்ளையாத்தானடா போட்டிருக்கேன்?" என்று திட்டு வேறு. அன்றிலிருந்து நான் ஓடவில்லை. பசுமலையில் குடியேறி, வாரப் பத்திரிகைக்கு எழுத ஆரம்பித்துவிட்டேன்.

இப்படி ஊரையே ஆட்டிவைத்த மனிதர் ஒரே ஓர் இடத்தில் தோற்றார். எங்கள் வட்டாரத்தில் ஒரு பிரமுகர் உண்டு. பெயர் வேண்டாம். அவர் பெயரைத்தான் அவரே எல்லாச் சுவரிலும் எழுதிவைத்திருக்கிறாரே! ஒரு தேர்தலுக்கு முன்னால் அவருடைய ஆட்கள் வந்து, இரண்டாவது வளைவில், கடைசி லேனை ஒட்டி, கொடிக்கம்பம் நட சிமெண்ட் மேடை ஒன்று கட்டிவிட்டார்கள். ஊரில் எத்தனையோ பொட்டல் கிடக்கிறது. ஓடுகிற இடத்தில்தான் கட்ட வேண்டுமா? அண்ணன் போய்க் கத்தினார். மனு கொடுத்தார். மேடைமேல் ஏறிப் படுத்தும் பார்த்தார். தூக்கி ஓரமாக வைத்துவிட்டுக் கொடியேற்றினார்கள்.

மேடை கடைசியான ஆறாவது லேனுக்குள் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது. வேறு ஆளாக இருந்தால் அந்த இடத்தில் ஆறாவது லேனை மட்டும் குறுக்கிவிட்டுப் போயிருப்பார். அண்ணன் அப்படிச் செய்வாரா? "லேன் அகலம் கொறையக்கூடாது" என்று ஏழு கோட்டையும் அந்த இடத்தில் ஒரு சாண் உள்ளே தள்ளி வளைத்தார். பார்ப்பவர்களுக்குத் தெரியாது. ஓடுகிற காலுக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் அந்த இடத்துக்கு வரும்போது டின்னை நிறுத்தி, பிரமுகரின் பரம்பரையை ஒரு சுற்றுத் திட்டிவிட்டுத்தான் மேலே போவார்.

அந்த வளைந்த கோட்டில்தான் என் அத்தை மகன் கதிர் ஏழு வருடம் ஓடினான். அப்பா வானம் பார்த்த பூமியில் சோளமும் பருத்தியும் போடுகிறவர். இவன் ஓட்டத்தை நம்பியவன். மாவட்டம், மாநிலம், தேசம் என்று ஏறி, வெளிநாட்டில் நடந்த ஒரு சர்வதேசத் தடகளப் போட்டியில் நானூறு மீட்டர் இறுதிப்பந்தயத்துக்கே வந்துவிட்டான். மெடல் வாங்கினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலை நிச்சயம். வயது இருபத்தாறு. இதை விட்டால் அடுத்து எப்போது என்று யாருக்கும் தெரியாது.

மைதானத்துக்கு எதிரே பாண்டி டீக்கடை டி.வி.யில் சாயங்காலம் ஊரே பார்த்தது. எட்டுப் பேர் ஓடினார்கள். கதிருக்கு ஏழாவது லேன். அண்ணன் பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்து, திரையில் தெரிந்த கோடுகளையே பார்த்து, "எவன்டா போட்டது? நல்லாத்தான் போட்டிருக்கான்" என்று பொறாமையில் வெந்துகொண்டிருந்தார். துப்பாக்கி வெடித்தது. கதிர் பறந்தான். கடைசி நேர்ப்பாதையில் வரும்போது ஐந்தாவது, நான்காவது, கடைசி எட்டில் நெஞ்சை நீட்டி மூன்றாவது! பாண்டி பால் பாத்திரத்தைப் போட்டுவிட்டுக் குதித்தார். யாரோ ரோட்டில் பத்தாயிரம் வாலாவைக் கொளுத்திப் போட்டார்கள். நான் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதேன்.

"மிதிச்சுட்டான்" என்றார் அண்ணன்.

"யோவ், இன்னைக்கும் ஒன் லந்த ஆரம்பிக்காத!" என்றார் பாண்டி.

"ரெண்டாவது வளைவு. எடது காலு. ரெண்டு தடவ."

நாலு பேர் அவரை அடிக்கப் போனார்கள். அதற்குள் திரையில் அந்த வளைவை மெதுவாகப் போட்டுக் காட்டினார்கள். கதிரின் இடது கால் உள்பக்கக் கோட்டில் இறங்கியது. அடுத்த எட்டு நன்றாக விழுந்தது. அதற்கடுத்த இடது கால் மறுபடியும் கோட்டில். ஒரு தடவை பட்டால் இப்போதெல்லாம் மன்னிக்கிறார்கள். இரண்டாவது தடவைக்கு மன்னிப்பு இல்லை. கதிர் பெயருக்கு எதிரே நேரம் மறைந்து, தகுதி நீக்கம் என்று வந்தது. ரோட்டில் வாலா இன்னும் வெடித்துக்கொண்டே இருந்தது. அதை யாராலும் நிறுத்த முடியவில்லை.

எல்லாக் கோபமும் அண்ணன் மேல் திரும்பியது. "வாய வெச்சுட்டான்யா பாவி! இனி ஒனக்கு இங்க டீ கெடையாது" என்றார் பாண்டி. நான் அவர் சட்டையைப் பிடித்தேன். "சந்தோசமாண்ணே ஒனக்கு? அன்னைக்கு எனக்குச் செஞ்ச, இன்னைக்கு அவனுக்கு. குளுந்துச்சா?"

அவர் என்னைத் திட்டவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. "எந்த எடத்துல மிதிச்சான்னு பாத்தியாடா?" என்றார். "மேட இருக்கிற எடம்டா அது. கண்ணு இருட்டிப்போன நேரத்துல காலு பழகுன வழியில போயிருச்சு. நான் வளைச்ச வழி."

"அவன் ஊரு ஊரா நல்ல டிராக்குல ஓடுனவன்ணே. அங்கெல்லாம் மிதிக்கலையே?"

"அங்கெல்லாம் இம்புட்டு உசுரக் குடுத்து ஓடலடா."

கதிர் திரும்பி வந்த அன்று டவுன் பஸ் நிறுத்தத்தில் நான் ஒருவன்தான் நின்றேன். போகும்போது மாலை போட்டு அனுப்பிய பயல்கள் ஒருத்தனையும் காணவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஸ்பைக்ஸ் ஷூவை மாட்டுக்கொட்டகை ஆணியில் மாட்டினான். "போதும் மச்சான். இனி ஓடல" என்றான். மறுநாள் அப்பாவோடு களையெடுக்கப் போய்விட்டான். பதினைந்து நாள் கழித்துப் போனேன். ஷூவுக்குள் சிலந்தி கூடு கட்டியிருந்தது.

அந்த வாரம்தான் அண்ணன் கடப்பாறையைத் தூக்கினார். ஊர் பார்க்க, காலை பத்து மணிக்கு, சந்தை நாளில், பிரமுகரின் கொடிமேடையை ஒற்றை ஆளாக இடித்துத் தரைமட்டமாக்கினார். கம்பத்தை மட்டும் கவனமாகக் கழற்றி, கொடியை மடித்து, ஓரமாக வைத்தார். போலீஸ் ஜீப் மைதானத்துக்குள் வந்தபோது கையை நீட்டினார். விலங்குக்கு இல்லை. "ஜீப்ப கோட்டுக்கு வெளிய நிறுத்துங்க!" என்பதற்கு.

கதிரும் நானும் ஸ்டேஷனுக்கு ஓடினோம். பிரமுகரின் ஆள் ஒருவர் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"யாரக் கேட்டுய்யா இடிச்ச?"

"நீ யாரக் கேட்டுக் கட்டுன?"

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். மேடை கட்டியதற்கு அனுமதிக் கடிதம் உண்டா என்று கேட்டார். அந்த ஆள் இரண்டு போன் செய்துவிட்டு, வெளியே போய் மூன்றாவதாக ஒன்று செய்துவிட்டு, உட்கார்ந்துவிட்டார். கடிதம் இல்லை. வேறு இடத்தில் கட்டிக்கொள்ளுங்கள், வழக்கு வேண்டாம் என்று பேசி முடித்தார்கள். எழுதிக் கொடுத்த காகிதத்தில் அண்ணன் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். கையெழுத்துக்காக ஏட்டு போட்ட கோடு கோணலாம். "ஸ்கேல் இல்லையா ஒங்க ஸ்டேசன்ல?" ஏட்டு பல்லைக் கடித்துக்கொண்டு வேறு காகிதம் எடுத்தார்.

வெளியே வந்ததும் கதிர் சொன்னான்: "அண்ணே, மேடையால இல்லண்ணே. எனக்குத் தல சுத்திருச்சு, அதான். ஏன்ணே இப்பிடிச் செஞ்ச?"

"பொய் சொல்லாதடா!" ரோடே திரும்பிப் பார்த்தது. "ஊருல அம்புட்டுப் பேரையும் கோட்ட மிதிக்காத, மிதிக்காதன்னு கத்துனேன். கோடே தப்புடா. தப்பான கோட்டுல ஏழு வருசம் ஒன்ன ஓட விட்டேன். மேடைய அன்னைக்கே இடிச்சிருக்கணும். பயந்துட்டேன். எவனுக்கோ பயந்துக்கிட்டு என் கோட்ட வளைச்சேன்." மூச்சு வாங்கியது அவருக்கு. "நாளைக்குக் காலையில வா. ஒரு சுத்து ஓடு. அப்புறம் களையெடு, கல்லு ஒட, என்னமும் செய்யி."

கதிர் வீட்டைப் பார்த்து நடந்துவிட்டான்.

மறுநாள் காலை நான் போனபோது மைதானம் பளீரென்று இருந்தது. ஏழு கோடு. இரண்டாவது வளைவில் மேடை இருந்த சுவடே தெரியவில்லை. டிராக்குக்கு வெளியே, பத்தடி தள்ளி, சுண்ணாம்பில் ஒரு கட்டம் போட்டிருந்தார். பிரமுகர் இனி அதற்குள்ளே கட்டிக்கொள்ள வேண்டுமாம். அப்படித்தான் பிறகு கட்டினார்கள்.

ஏழு மணி ஆகியும் கதிரைக் காணவில்லை. அண்ணன் எறும்பிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் திட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் ரோட்டில் கதிர் தெரிந்தான், ஷூவை உதறிக்கொண்டே. முதல் லேனில் நின்றான். அண்ணன் ஓடிப்போய் இரண்டாவது வளைவில், புல் பக்கம், வயிறு தரையில் பட, கன்னம் கோட்டை ஒட்ட, குப்புறப் படுத்துக்கொண்டார்.

கதிர் ஓடினான். பாதி வேகத்தில் ஓடப்போகிறான் என்று நினைத்தேன். முழு உயிரையும் கொடுத்து ஓடினான். வளைவில் அண்ணன் மூக்குக்கு முன்னால் இடது கால் விழுந்து எழுந்து போனது. அந்தப் பக்கம் போய் முடித்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான்.

அண்ணன் எழுந்திருக்கவில்லை.

ஐம்பது தாண்டிய மனிதர், நேற்றுத்தான் கடப்பாறை போட்டவர். மைதானத்துக் குறுக்கே விழுந்தடித்து ஓடி, அவரைப் புரட்டினேன். ஒரு பக்கக் கன்னம் முழுக்கச் சுண்ணாம்பு. அதில் ஈரமாக ஒரு கோடு.

"என்னண்ணே, மிதிச்சுட்டானா?"

"மிதிக்கலடா" என்றார். "ஒரு பொடி கலையல." உடனே, "கண்ணுல சுண்ணாம்பு விழுந்துருச்சு, என்ன பாக்குற?" என்றார்.

அப்புறம்தான் அவர் பார்வை எனக்குப் பின்னால் போனது. நானும் திரும்பிப் பார்த்தேன். விடியுமுன் எழுந்து அவர் போட்ட ஏழு கோட்டின் மேலும் என் செருப்புத் தடம் வரிசையாகப் பதிந்திருந்தது. இருபது வருடத் திட்டும் சேர்ந்து வரப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"பரவாயில்ல" என்றார். "போகும்போது சுத்திப் போ."

நேராகப் போனால் நாலே எட்டு. நான் கோடு மிதிபடாமல் தாண்டித் தாண்டி, அந்த மைதானத்தை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றித்தான் வெளியே போனேன்.