ஒரே வீட்டுக்கு இரண்டு முகவரி

"வந்துச்சா?"

"வரலை."

"இப்ப?"

"இப்பவும் ஒரு முழம் பாக்கி."

கூடத்திலிருந்து தபால்காரர் கேட்பதும் உள்ளறையிலிருந்து அவர் மனைவி பதில் சொல்வதுமாகச் சனிக்கிழமை காலையில் முக்கால் மணி நேரம் போய்விட்டது. தபால்காரர் பனியனோடு மேசைக்கடியில் மல்லாந்து கிடந்தார். கேபிளின் ஒரு முனை அவருடைய கணினியின் முதுகில் செருகியிருந்தது. மறுமுனை சுவரோரமாக ஊர்ந்து, இரண்டு கதவுகளைச் சுற்றிக்கொண்டு, உள்ளறையில் அவளுடைய கணினிக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றுவிட்டது. இழுக்க இழுக்க நீளும் என்று அவர் எதை வைத்து நம்பினார் என்பது அவருக்கே வெளிச்சம்.

அந்த வீட்டுக்குள் இன்டர்நெட் ஒரே ஒரு கம்பி வழியாக வந்தது. அது நேராகக் கூடத்துக் கணினிக்குள் போய் நின்றது. தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மாதமே அவர் வாங்கிய கணினி அது. அவள் காலை ஒன்பது மணிக்குத் திரைச்சீலைக் கடைக்குத் தைக்கப் போனால் இரண்டு மணிக்குத்தான் திரும்புவாள். அதுவரை வீடும் கணினியும் அவர் ராஜ்யம். அவள் செருப்புச் சத்தம் கேட்டதும் அதை அணைத்து மூடிவிடுவார். "என்னதான் பார்ப்பீங்க?" என்று கேட்டால், "உலக நடப்பு" என்பார்.

இரண்டாவது கணினி மூன்று நாளைக்கு முன்னால் பெரிய பெட்டியில் வந்து இறங்கியது. வெளிநாட்டிலிருக்கும் மகள் அம்மாவுக்கென்று அனுப்பியது. "சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு உட்காரும்மா, உன் பேத்தியைக் கண்ணுல காட்டுறேன்" என்று கடைக்குப் போன் செய்து சொல்லியிருந்தாள். பேத்திக்கு மூன்று வயது நெருங்குகிறது. இவள் பார்த்தது இரண்டு போட்டோக்கள் மட்டும். வீட்டில் இருக்கும் பட்டன் போனில் குரல் வரும், முகம் வராது. திங்கட்கிழமை மருமகன் சாலை போடும் வேலைக்காகக் குடும்பத்தோடு ஏதோ மலைமுகாமுக்குப் போகிறான். அங்கே ஆறு மாதத்துக்கு இன்டர்நெட் கிடையாதாம். இன்று பார்த்தால் பார்த்ததுதான்.

மகள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போய் நாலு வருஷம் ஆகிறது. "இனி அவ மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று அன்றைக்குச் சொன்னவர் தபால்காரர். சும்மா சொல்லவில்லை. முதல் வருஷம் மகள் எழுதிய பன்னிரண்டு கடிதங்களையும், வேறு யார் வீட்டுக் கடிதமோ மாதிரி, 'பெறுநர் ஏற்க மறுத்தார்' என்று சிவப்பு மையில் அழகாக எழுதித் திருப்பி அனுப்பியவர். அந்த அழகான கையெழுத்தைத்தான் அவளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

"என்னங்க, எதுக்கு இவ்வளவு பாடு? அரை மணி நேரம் உங்க கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து பேசிட்டு எந்திரிச்சிடுறேன்."

மேசைக்கடியில் டங்கென்று தலை இடித்தது.

"அது மட்டும் நடக்காது."

"ஏன்?"

"என் கம்ப்யூட்டரை யாரும் தொடக் கூடாது. உன்னோடதுக்கு நெட்டு நான் கொண்டு வந்து விடுறேன். நீ உள்ளே கதவைச் சாத்திட்டு யார்கூட வேணா பேசு. எனக்கென்ன?" அவர் தலையைத் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தார். "அதோட அஞ்சு மணிங்கிறே, அப்ப அது தூங்குமே."

"எது?"

"பொதுவா. சின்னப் பிள்ளைங்க பொதுவா."

பேத்தியைக் குழந்தை என்று சொல்லக்கூட அவருக்கு வாய் வரவில்லை, அது இது என்கிறார் என்று அவளுக்கு நெஞ்சு எரிந்தது. ஆனால் சண்டை போட நேரமில்லை. மணி பத்தரை.

"என் மேசையை வாசல் பக்கம் நகர்த்தினா கேபிள் எட்டும்" என்றாள்.

"அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. சுவர்ல ஓட்டை போட்டா நேர் வழி."

பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு துளைப்பான் இரவல் வந்தது. அவர் கூடத்துச் சுவரைச் சாண் சாணாக அளந்து, பென்சிலால் புள்ளி வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினார். நல்ல சுவர்தான், லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் வழி விட்டபோது துளைப்பான் ஒரு மாதிரி முனகிவிட்டு நின்றது. அவள் உள்ளறைக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். அங்கே ஓட்டை எதுவும் இல்லை. அந்தச் சுவரோடு ஒட்டி நின்ற அலமாரியைத் திறந்தாள். திங்கட்கிழமை கடையில் கொடுக்க வேண்டிய, ஓரம் அடித்து மடித்து வைத்திருந்த நீலத் திரைச்சீலை, துளைப்பான் முனையில் எட்டுச் சுற்றுச் சுற்றி இறுகிக் கிடந்தது.

"ஓட்டை வந்துச்சா?" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

"வந்துச்சு" என்றாள் அவள்.  மேலே வாயைத் திறந்தால் நாலு வருஷமும் சேர்ந்து வெளியே வந்துவிடும் என்று பயந்தாள்.

அலமாரியின் முதுகு வழியாக நுழைந்து, புடவைகளுக்கு நடுவே புகுந்து, கதவிடுக்கில் வெளியே வந்து, கேபிள் ஒருவழியாக அவள் கணினியில் செருகப்பட்டது. பச்சை விளக்கும் எரிந்தது. தபால்காரர் அவள் நாற்காலியில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தார். இணைப்பைப் பகிர்வது எப்படி என்று நாலு பக்கத்துக்குக் கைப்பட எழுதி வைத்திருந்ததைப் பார்த்துப் பார்த்துத் தட்டினார். கணினி முகவரி கேட்டது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. முகவரி என்றால் அவரிடம் யாரும் பேச முடியாது.

தட்டி முடித்தார். இரண்டு கணினிகளிலும் ஒரே நேரத்தில் ஒரே வாசகம் வந்தது. இந்த முகவரியில் ஏற்கெனவே வேறொருவர் இருக்கிறார்.

மத்தியானம் மாடி வீட்டு டீச்சரை அவளே போய்க் கூட்டிவந்தாள். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பாடம் எடுப்பவர். பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார்.

"சார், ரெண்டுக்கும் ஒரே முகவரி கொடுத்திருக்கீங்க."

"ஒரே வீடு தானேம்மா? முப்பத்தாறு வருஷம் தபால் கொடுத்திருக்கேன். ஒரு வீட்டுக்கு ரெண்டு முகவரி போட்டா ஒரு கடுதாசியும் போய்ச் சேராது."

"வீட்டுக்கு இல்ல சார், மெஷினுக்கு. ஆளுக்கு ஒண்ணு வேணும்."

"அப்படியா? சரி, ஆளுக்கு ஒண்ணு."

டீச்சர் மாடிக்குப் போய் அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் அவர் மாற்றிவிட்டார். தன்னுடையதை அப்படியே வைத்துக்கொண்டு, மனைவியுடையதற்கு முதல் எண்ணிலிருந்து கடைசி எண்வரை எல்லாமே வேறாகக் கொடுத்திருந்தார். கலந்துவிடக் கூடாதாம். பச்சை விளக்கு எரிந்தது, இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவே இல்லை.

"சார், இப்ப அக்காவோடதை வேற ஊருக்கே அனுப்பிட்டீங்க. முதல் மூணு எண் ரெண்டுக்கும் ஒண்ணா இருக்கணும். அது தெரு. கடைசி எண்தான் வேற. அது கதவு எண்."

"இதை முதல்லயே சொல்லியிருந்தா காலையிலயே முடிச்சிருப்பேன்" என்றார் தபால்காரர், உண்மையான வருத்தத்தோடு.

தெருவும் கதவும் சரியானபின் இரண்டு கணினிகளும் ஒன்றையொன்று கண்டுகொண்டன. ஆனால் இன்டர்நெட் அவளுக்கு வரவில்லை. அதுமட்டுமல்ல, இப்போது அவருக்கும் போய்விட்டது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. தனக்குப் போனதற்கு மட்டும் எப்படிப் பதறுகிறார் பாரேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"கூடத்து மெஷின்ல நான் உட்கார்ந்து ஒரு தடவை பார்த்துடுறேன் சார்."

"வேண்டாம்!" அவர் ஒரே எட்டில் கூடத்துக்குப் போய்த் தன் கணினியை உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றார். "நீங்க சொல்லுங்க, நானே பண்றேன்."

"திரையைப் பார்க்காம எப்படிச் சொல்றது?"

"நான் வாசிச்சுக் காட்டுறேன். நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்குங்க."

டீச்சர் அவளைப் பார்த்தார். அவளுக்கு மானம் போயிற்று. இருந்தாலும் வயதுக்கு மரியாதை கொடுத்து டீச்சர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். தபால்காரர் துண்டைப் போர்த்தியிருந்த திரையைக் கொஞ்சமாய் விலக்கி, தலையை உள்ளே விட்டு, ஒவ்வொரு வரியாகப் பிரசங்கம் மாதிரி வாசித்தார். அரை மணி நேரம் டீச்சர் சுவரோடு பேசினார்.

"பகிர் அப்படிங்கிற இடத்துல டிக் போட்டிருக்கீங்களா சார்?"

"போட்டிருக்கேன். ரெண்டுலயும்."

"ரெண்டுலயுமா? உங்களோடதுல மட்டும்தான் போடணும்!"

"நான் கொடுத்தா அவளும் கொடுக்கணுமில்ல? அதுதானே நியாயம்?"

"நீங்க கொடுக்கிறேன்னு நிக்கிறீங்க, அவங்களும் கொடுக்கிறேன்னு நிக்கிறாங்க. வாங்கிக்க ஆள் இல்ல சார். அதான் நடுவுல அடைச்சுக்கிச்சு."

அவள் உள்ளறைக்குப் போய்த் தன் பக்கத்து டிக்கை எடுத்தாள். நாலு மணிக்கு, அந்த வீட்டின் வரலாற்றில் முதன்முறையாக, உள்ளறைக் கணினியில் இன்டர்நெட் வந்தது. டீச்சர் கைதட்டினார். தபால்காரர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவர் உதடு நடுங்கியதை அவள் பார்த்தாள். அலுப்பு என்று நினைத்தாள். கொஞ்சம் இரக்கமாகக்கூட இருந்தது. டீச்சருக்கு நன்றி சொல்லி மாடிக்கு அனுப்பிவிட்டு, முகம் கழுவித் தலை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

கடையிலும் பெட்டியிலுமாகப் பல மாதம் பட்டினி கிடந்த கணினி அது. இன்டர்நெட் கிடைத்ததும் யாரையும் கேட்காமல் சாப்பிடத் தொடங்கியிருந்தது. திரை முழுக்க நீலம். புதுப்பிக்கப்படுகிறது, அணைக்க வேண்டாம், மூன்று சதவீதம் என்று இருந்தது. பத்து நிமிஷம் கழித்து நான்கு சதவீதம் ஆனது.

"என்னங்க!"

அவர் வந்து பார்த்தார். மண்டியிட்டுத் திரையின் அருகே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். "போ, போ, சீக்கிரம் போ" என்று அதனிடம் கெஞ்சினார். நாலே முக்காலுக்கு ஏழு சதவீதம். அவள் எழுந்து கூடத்துக்கு நடந்தாள். அவர் பின்னாலேயே ஓடிவந்தார்.

"இன்னும் கொஞ்சம் பொறு. எட்டு ஆயிடும்."

"பொறுத்தது போதும்." அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "நாலு வருஷம் உங்க பிடிவாதத்துக்குத் தலையாட்டியிருக்கேன். பன்னிரண்டு கடுதாசி என் கண்ணு முன்னாலே திரும்பிப் போச்சு. ஒரு வார்த்தை கேட்டேனா? உங்களுக்கு ரத்த பாசம் அத்துப்போச்சுன்னா அது உங்களோட. எனக்கு என் பேத்தி மூஞ்சியைப் பார்க்கணும். இன்னிக்கே, இந்தக் கம்ப்யூட்டர்ல."

தபால்காரர் எதையோ சொல்ல வாயெடுத்தார்.  பிறகு திரையின் மேல் கிடந்த துண்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"சரி" என்றார். "அஞ்சே நிமிஷம் கொடு. சரி பண்ணி வைக்கிறேன்."

துண்டுக்குள் தலையை விட்டு அவசர அவசரமாக எதையெதையோ தட்டினார். அவள் பட்டன் போனில் மகளைக் கூப்பிட்டாள்.

"அம்மாவோடது படுத்திடுச்சுடி. அப்பா கம்ப்யூட்டர்ல வர்றேன்."

மறுமுனையில் மகள் திருப்பிக் கேட்டாள். "அப்பாவோடதுலயா? அப்பாவே சரின்னு சொன்னாரா?"

"சொல்ல வச்சேன்."

"சரிம்மா" என்று மகள் வைத்துவிட்டாள். அதில் எந்த எண்ணுக்கு, எந்தப் பெயருக்குக் கூப்பிடுவது என்று எதுவும் கேட்கவில்லை. அதைக் கவனிக்கும் நிலையில் அம்மாவும் இல்லை.

தபால்காரர் துண்டை எடுத்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். உள்ளே போய், விசேஷங்களுக்கென்று வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டு, மேல் பொத்தான்வரை மாட்டிக்கொண்டு வந்தார்.

"நான் வெளியே போயிட்டு வர்றேன்."

"போங்க" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமலே.

ஆனால் செருப்பு மாட்டும் சத்தம் பாதியில் நின்றது. அவர் ஒரு காலில் செருப்போடு வாசற்படியில் நின்றுவிட்டார். போகவும் மனமில்லை, நிற்கவும் துணிவில்லை. அதே நேரம் கணினி மணியடித்தது. அவள் தட்டினாள்.

மகள் தெரிந்தாள். கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள். அவள் மடியில், தூக்கம் கலைந்த கண்களோடு, மூக்கும் நெற்றியும் அப்படியே தபால்காரரை உரித்துவைத்த ஒரு பெண்குழந்தை. பாட்டி திரைக்கு அருகே குனிந்தாள். திரையைத் தொட்டாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை எல்லாம் சத்தமில்லாமல் வழிந்தது.

"கண்ணு, பாட்டிடா. பாட்டிக்கு வணக்கம் சொல்லு" என்றாள் மகள்.

குழந்தை பாட்டியை ஒரு நொடி பார்த்தது. புது முகம். வெட்கப்பட்டு அம்மாவின் தோளில் ஒளிந்தது. பிறகு மெல்ல எட்டி, பாட்டியின் தலைக்கு மேலாக, பின்னால் வாசற்படியில் நிற்பவரைக் கண்டது. முகம் முழுக்கச் சிரிப்பாகிவிட்டது.

"தாத்தா! இன்னிக்கு மட்டும் ஏன் சட்டை போட்டிருக்கீங்க?"