நூற்றுக்கு நூறு வருகை

உலகம் தோன்றிய நாள்முதல் கடலை அடக்கியாண்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் இன்னும் பிறக்கவில்லை. மற்றவர் எங்கள் இயக்குநர்.

கடல் சூடாகிறது, அலை எல்லை மீறுகிறது என்று செய்தி வந்ததும் அவர் பதறவில்லை. 'மீனவர் தகவமைப்புப் பயிற்சி' என்று ஒரு கோப்பைத் திறந்தார். மூன்று நாள் உட்கார்ந்தால் சான்றிதழ். சான்றிதழ் இல்லாதவர் கடலுக்குப் போக முடியாது. ஊரே மண்டபத்துக்கு வந்துவிட்டது. வருகைப் பதிவேடும் வாசல் சாவியும் அடியேன் பொறுப்பு.

மூன்றாம் நாள் காலைப் பாடம்: 'அலை உயரும்போது படகை மேட்டில் ஏற்றுதல்'. திரையில் ஒரு படகு, நான்கு அம்புக்குறிகள். பிறந்ததிலிருந்து படகு இழுப்பவர்கள் அதைப் பார்த்துக் கொட்டாவி விட்டார்கள்.

ஜன்னலோரம் இருந்த பெண் ஒருத்தி எழுந்தாள். ஊரில் அவளுக்கு 'வாயாடி' என்று பெயர்.

"சார், கதவைத் திறங்க. தண்ணி ஏறுது. படகை மேல ஏத்தணும்."

"அதைத்தானேம்மா சொல்லிக் குடுத்துட்டிருக்கோம்?" என்றார் இயக்குநர்.

"படகு அங்க கெடக்கு, நாங்க இங்க இருக்கோமே!"

"செய்முறை மதியம் ரெண்டு மணிக்கு. அட்டவணையைப் பாரும்மா."

அவள் தன் அண்ணனிடம் திரும்பினாள். "ஒரு படகை ஏத்த பத்து தோள் வேணும். எல்லாரும் எழுந்திரிங்கண்ணே!"

"உக்காரு தங்கச்சி. சான்றிதழ் போச்சுன்னா பொழப்பே போச்சு."

"படகு போச்சுன்னா காகிதத்தை வீசியா மீன் பிடிப்பே?"

சொல்லிவிட்டுக் கழிப்பறை ஜன்னல் வழியாகக் குதித்துவிட்டாள். மனைவி சொல்லைத் தட்டாத அவள் கணவனும் பின்னால் குதித்தான். இருவர் பெயரையும் பதிவேட்டிலிருந்தே அடித்தேன். வருகை மறுபடி நூற்றுக்கு நூறு ஆனது.

இரண்டே பேர் அடியில் உருட்டுக்கட்டை போட்டுத் தங்கள் படகைப் பாதி தூரம் இழுத்தார்கள். மீதியை ஏறி வந்த தண்ணீரே தூக்கிக் கொடுத்தது. படகை எங்கள் மண்டபத் தூணில் கட்டினார்கள். அரசுத் தூணில் படகு கட்டக் கூடாது என்று நான் உள்ளிருந்து எச்சரித்தேன்.

பதினொன்றரைக்குக் கடல் உள்ளே வந்தது. செய்முறை இரண்டு மணிக்குத்தான். கடலுக்கு ஏது ஒழுங்கு? பதிவேடு நனையாமல் தலைக்கு மேல் தூக்கியதில் சாவி தண்ணீரில் விழுந்தது. வாயாடிதான் துடுப்பால் ஜன்னலை உடைத்து, எல்லோரையும் தன் படகில் நடை நடையாக மேட்டில் கொண்டுபோய் விட்டாள். முதல் நடையில் இயக்குநர். பதவி வரிசை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

கரையிலிருந்த மற்ற படகு ஒன்றுகூட மிஞ்சவில்லை. மேட்டில் ஈரச் சட்டையோடு நின்று இயக்குநர் சான்றிதழ் வழங்கினார். அண்ணன்காரன் அதை வாங்கிக்கொண்டு விக்கி விக்கி அழுதான். ஆனந்தக் கண்ணீர் என்று குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

இன்று நாற்பது பேருக்குக் கடலுக்குப் போக அனுமதி இருக்கிறது, படகு இல்லை. ஊரில் மிஞ்சிய ஒரே படகுக்கு அனுமதி இல்லை. ஆகவே அன்றிலிருந்து எங்கள் கடலில் ஒரு மீனவர்கூடச் சாகவில்லை. இயக்குநருக்கு விருது அறிவித்திருக்கிறார்கள்.

கரையில் பட்டினி கிடக்கிறார்களாம். அது வேறு துறை.