கன்னத்தில் கை வைத்த விவசாயி

செய்தித்தாளில் யாரும் சும்மா காத்திருக்க மாட்டார்கள், தவிப்பார்கள். வெங்காயம் விலை ஏறினால் இல்லத்தரசிகள் கண்ணீர் வடிப்பார்கள். கிரிக்கெட்டில் தோற்றால் ரசிகர்கள் கதறுவார்கள். பாலம் இடிந்தாலும் வேதனை, படம் வெளிவரத் தாமதமானாலும் அதே வேதனை. சந்தோஷத்துக்குக்கூட விடுதலை கிடையாது. மகிழ்ச்சி வெள்ளத்தில் மூழ்கித்தான் ஆக வேண்டும்.

இதையெல்லாம் நான் கவனித்தது திருப்பதியில் ஒரு லாட்ஜில் ரூம் பாயாக இருந்தபோது. தங்கியவர்கள் விட்டுப்போகும் பேப்பர்தான் எனக்குப் பள்ளிக்கூடம். (நிஜப் பள்ளிக்கூடத்தை ஒன்பதாவதோடு விட்டுவிட்டேன். இரு தரப்புக்கும் வருத்தமில்லை.) அப்புறம் லாரி கிளீனர், சித்தூரில் பரோட்டாக் கடை. நடுவில் சாப்பாடு இல்லாமல் பஸ் ஸ்டாண்டில் படுத்ததும் உண்டு. அதற்குத் தவிப்பு என்று பெயர் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. பசித்தது, தூங்கிவிட்டேன்.

எப்படியோ ஒரு தமிழ் நாளிதழின் ஆந்திர எல்லைச் செய்திப் பக்கத்துக்குப் பகுதிநேர நிருபர் ஆனேன். முதல் பெரிய வேலை, சித்தூரில் மாம்பழக் கூழ் ஃபேக்டரி வாசலில் லோடு இறக்க நிற்கும் டிராக்டர் வரிசை. உதவி ஆசிரியர் போனில் கேட்டது ஒரே கேள்வி.

"கண்ணீர் இருக்குமா?"

"நிறைய இருக்கும் சார்" என்றேன். என் நைனாவே, அதாவது அப்பாவே, அந்த வரிசையில்தான் மாங்காய் லோடோடு நின்றிருந்தார்.

போய்ப் பார்த்தால் ஒரு சொட்டு இல்லை. டிராக்டர் நிழலில் சீட்டாட்டம் நடக்கிறது. ஒருவர் தர்பூசணி அறுத்து எல்லாருக்கும் கொடுக்கிறார். போன் கேமராவைக் காட்டினால் தலையை வாரிக்கொண்டு சிரிக்கிறார்கள்! மொத்த வரிசையிலும் சோகமான முகம் ஒன்றே ஒன்றுதான். அது நைனாவுடையது. கன்னத்தில் கை வேறு.

"நைனா, அப்படியே இரு."

"இன்னாத்துக்குடா? கடவாப்பல்லு உயிர் போவுது."

"பேசாத. மூஞ்சி மாறுது."

மறுநாள் பேப்பரில், "மா விவசாயிகள் கண்ணீர்! வாழ்வே இருண்டதாகக் கதறல்!" படத்துக்குக் கீழே, "எதிர்காலம் தெரியாமல் கன்னத்தில் கை வைத்துக் கலங்கும் விவசாயி." அதை நானே பலமுறை படித்து நானே கலங்கினேன்.

இந்தப் பூரிப்பில் ஒன்றை மறந்துவிட்டேன். தங்கை தேவிக்குத் திருப்பதியில் மாப்பிள்ளை பேசி முடித்து, முகூர்த்த நாள் குறிப்பதுதான் பாக்கி. மாப்பிள்ளையின் அப்பா ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். பேப்பரில் ஏல அறிவிப்பைக்கூட விடாமல் படிக்கிறவர்.

அன்று சாயங்காலமே வந்துவிட்டார், கையில் அந்தப் பேப்பரோடு. நைனா அப்போதுதான் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்து, வாய் நிறையப் பஞ்சோடு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா சம்பந்தி, இவ்ளோ கஷ்டத்த வச்சிக்கினு ஒரு வார்த்த சொல்லலியே?"

நைனா "ம்ம்... ம்ம்" என்று கையை ஆட்டினார். பல் மரத்துப்போகப் போட்ட ஊசி விட்ட நேரம். கண்ணில் நீர் தாரையாக ஊற்றியது.

"பேச்சே வரல பாரு மனுசனுக்கு." கண்டக்டர் துண்டால் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டார். "கல்யாணத்த அடுத்த வருசம் பாத்துக்கலாம். இப்ப உங்க தலையில பாரத்த ஏத்துனா பாவம்."

நல்ல மனிதர். அதுதான் ஆபத்து. நான் சுவரில் இருந்த பல்லியை ஆராய்ந்துகொண்டிருந்தேன். உள்ளேயிருந்து தேவி வந்தாள். என் சட்டைப் பையிலிருந்த போனைப் பிடுங்கினாள்.

"மாமா, நைனாவுக்குப் பல்லு வலி. கதறல்னு எழுதினது இந்தத் தடியன். நீங்களே பாருங்க."

கண்டக்டர் ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார். சீட்டாட்டம், தர்பூசணி, தலை வாரிய சிரிப்புகள்.

"ஏம்பா, எல்லாரும் சிரிச்சிக்கினுதான கீறாங்க? இதுல ஒண்ணு போட்டா இன்னா?"

"சிரிச்சா செய்தி இல்லீங்க மாமா."

"அப்ப கஷ்டமே கெடையாதா?"

நைனா பஞ்சை வெளியே எடுத்தார்.

"கஷ்டம் இல்லாம இன்னா? வெல உழுந்துபோச்சி. ராத்திரி பூரா ரோட்லதான் படுத்துக்கினு இருந்தோம். பாதி காய் வெம்பிப்போச்சி. அதுக்குன்னு சீட்டு ஆடக் கூடாதா? அதுக்குன்னு பொண்ணு கல்யாணத்த நிறுத்துவாங்களா?"

பஞ்சைத் திரும்ப வைத்துக்கொண்டார். நாள் முழுக்க அந்த வரிசையில் நான் தேடிய செய்தி அதுதான். ஆனால் அதை எந்தத் தலைப்பில் போடுவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

கண்டக்டர் பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பழைய உத்தியோகக் குரலில், "ரைட், போலாம்!" என்றார். முகூர்த்தம் முடிவானது.

நாராயணவனம் கோயிலில் கல்யாணம். தாலி கட்டும்போது நைனா நிஜமாகவே தேம்பி அழுதார். கூட்டம் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தது. கண்டக்டர் என் காதருகே குனிந்தார்.

"தம்பி, இத வேணா பல்லு வலின்னு எழுதிக்க."

அன்றிலிருந்து எங்கள் இரண்டு வீட்டிலும் யார் கண் கலங்கினாலும், ஆறுதலுக்கு முன்னால் ஒரு விசாரணை உண்டு: "கண்ணீரா, பல்லா?" போன மாதம் தேவியின் குழந்தை விடாமல் அழுகிறது என்று போன் வந்தது. வழக்கம்போல நானும் கேட்டு வைத்தேன்.

"பல்லுதாண்டா. கீழ ஒண்ணு மொளைக்குது" என்றாள்.