வாங்காதீங்க ஜீஜாஜி

"என்ன வேணா செய்யுங்க ஜீஜாஜி, பழைய நம்பரை மட்டும் வாங்கிடாதீங்க," என்றான் பிக்கர் சிங், லங்கர் பந்தியில் குர்லாலின் தட்டில் ரொட்டியை வைத்தபடி.

ஃபிரெஸ்னோ குருத்வாராவில் அன்று சாப்பிட உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் அது கேட்டது. பிக்கருக்கு மெதுவாகப் பேசிப் பழக்கமில்லை.

குர்லால் ரொட்டியை வெடுக்கென்று பிய்த்தான். பிக்கர் அவன் மனைவி சுக்மீத்தின் அண்ணன். பஞ்சாபில் ஜீஜாஜி, அதாவது தங்கை புருஷன், வந்தால் கட்டிலில் உட்கார வைத்து, பருப்பில் நெய்யைக் கொட்டி உபசரிப்பார்கள். இங்கே கலிஃபோர்னியாவில் அந்த மாப்பிள்ளை மைத்துனனின் லாரியை ஓட்டிக்கொண்டிருந்தான். அதைக்கூடப் பொறுக்கலாம். கல்யாண வீடுகளில் பிக்கர் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, "இவர் எங்க ஜீஜாஜி. நம்ம டிரைவர்," என்று அறிமுகப்படுத்துவதைத்தான் பொறுக்க முடியவில்லை. மரியாதை வாயில் இருக்கும், செருப்பு கையில் இருக்கும்.

அந்த 'நம்ம டிரைவர்' ஒழிய வேண்டும். குர்லாலுக்கு வாழ்க்கையில் வேறு லட்சியம் கிடையாது. அதற்காகவே சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரு நீல லாரி வாங்கிவிட்டான். சொந்தக் கம்பெனி நடத்த அரசாங்க உரிமம் ஒன்றுதான் பாக்கி. அதைத்தான் எல்லோரும் நம்பர் என்பார்கள்.

"புதுசா எடுங்க," என்று பிக்கர் தொடர்ந்தான். "புது நம்பருக்கு ஒரு வருஷம் எந்தப் புரோக்கரும் ஒழுங்கா லோடு தரமாட்டான். அதனால என்ன, அதுவரைக்கும் நம்ம லாரியவே ஓட்டுங்க. பழைய நம்பர்ல எவன் பண்ணின பாவம் ஒட்டிக்கிட்டிருக்கோ."

இன்னும் ஒரு வருஷம் நம்ம லாரியா? குர்லாலுக்குத் தலைப்பாகைக்குள் சூடேறியது. அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டான். மைத்துனன் வேண்டாம் என்கிறான் என்றால் அதில் ஏதோ நல்லது இருக்கிறது. இவ்வளவுதான் அவனுடைய வியாபார அறிவு.

பக்கத்தில் டிம்பி தலையைத் தூக்காமல் பருப்பை வழித்துக்கொண்டிருந்தான். மிட்டாய்க் கடையை ஒட்டி அவனுக்கு ஒரு சின்ன ஆபீஸ். விமான டிக்கெட், இன்ஷூரன்ஸ், ஓய்ந்துபோன லாரிக் கம்பெனி எல்லாம் அங்கே விற்பான்.

அன்று சாயங்காலமே குர்லால் அங்கே போய் நின்றான்.

"ராயல் தூஃபான் ரோட்லைன்ஸ். பன்னிரண்டு வருஷப் பழசு," என்றான் டிம்பி. "யூபா சிட்டியில சுர்ஜன் கௌர்னு ஒரு அம்மா பேர்ல இருக்கு."

"அந்தம்மா ஏன் விக்கிறாங்க?"

"முழங்கால் வலி."

லாரிக் கம்பெனியை விற்க முழங்கால் வலி போதுமான காரணமாகக் குர்லாலுக்குப் பட்டது. கையெழுத்துப் போட்டுவிட்டு, லட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

"அண்ணன் வேண்டாம்னாரு, அதனால வாங்கினீங்க. அப்படித்தானே?" என்றாள் சுக்மீத்.

"நான் யோசிச்சு வாங்கினேன்."

"யோசிச்சீங்களா, நீங்களா? சிவப்புத் தலைப்பாகை கட்டச் சொன்னாருன்னு நம்ம கல்யாணத்துக்கே பச்சையில வந்து நின்னவர்தானே. அவரு வடக்கேன்னா நீங்க தெற்கே. இந்த ஊருக்கே தெரியும்."

நீல லாரியின் கதவில் தூஃபான் பெயரைத் தங்க நிறத்தில் எழுதினான் குர்லால். தக்காளி ஏற்றிக்கொண்டு முதல் பயணம் கிளம்பினான். எடைச் சாவடியில் மற்ற லாரிகளெல்லாம் பச்சை விளக்கில் போய்க்கொண்டே இருந்தன. இவனுக்கு மட்டும் சிவப்பு.

"திரும்பவும் தூஃபானா?" என்று பெருமூச்சு விட்டாள் சோதிக்கும் பெண். பிரேக்கைப் பார்த்தாள், டயரைப் பார்த்தாள், லாரிக்கு அடியில் படுத்தும் பார்த்தாள். "உங்க கம்பெனி ரெக்கார்டு அப்படி. எந்தச் சாவடியிலும் உங்களை விடமாட்டாங்க."

விடவும் இல்லை. சாவடி சாவடியாகக் காய்ந்து, தக்காளி ரசம் வைக்கிற பதத்தில் போய்ச் சேர்ந்தது.

விஷயம் கேள்விப்பட்டுப் பிக்கர் வீட்டுக்கு வந்தான். டீயை ஆற்றிக் குடித்தான். "நடந்தது நடந்துபோச்சு. கம்பெனி பேரை மட்டும் மாத்திடாதீங்க ஜீஜாஜி."

மறுநாளே பெயரை மாற்றினான் குர்லால். கதவில் 'சுக்மீத் கேரியர்ஸ்' ஏறியது. புதுப் பெயரைக் கண்ட புரோக்கர்கள், "நேத்துப் பிறந்த கம்பெனியா? ஒரு வருஷம் கழிச்சு வாங்க," என்று போனை வைத்தார்கள். சாவடிக்காரர்கள் மட்டும் பெயரைப் பார்க்கவில்லை, நம்பரைத்தான் பார்த்தார்கள். காசு கொடுத்து வாங்கிய பழசும் போயிற்று, பழசின் பாவம் மட்டும் போகவில்லை. இப்படியொரு சாமர்த்தியம் எல்லோருக்கும் வாய்க்காது.

பிக்கர் மறுபடி வந்தான், மறுபடி டீ குடித்தான். "புரோக்கர் ஆபீசுக்கு நேர்ல மட்டும் போயிடாதீங்க. எதுவா இருந்தாலும் போன்லயே பேசிக்குங்க."

குர்லால் இஸ்திரி போட்ட சட்டையும் ஒரு பெட்டி லட்டுமாக நேரில் போனான். டார்லீன் என்ற புரோக்கர் அம்மாள் ஒரு லட்டை எடுத்துக் கடித்தாள்.

"பேரு புதுசா இருக்கு. நம்பர் தூஃபானோடதுதானே?"

"அதேதான் மேடம். பன்னிரண்டு வருஷம்," என்று நெஞ்சை நிமிர்த்தினான்.

"அப்ப ஸ்ட்ராபெரி எங்கே?"

"எந்த ஸ்ட்ராபெரி?"

"போன வருஷத்துக்கு முந்தின வருஷம் தூஃபான் ஏத்திக்கிட்டுப் போன ஒரு லாரி ஸ்ட்ராபெரி. டென்வர் போய்ச் சேரவே இல்ல. போன் பண்ணினா எடுக்க ஆளில்ல. நல்லவேளை, நீங்களே வந்துட்டீங்க."

"அது பழைய ஓனர் காலத்துல மேடம்."

"கம்பெனிய வாங்கினீங்கன்னா ஸ்ட்ராபெரியும் உங்களோடதுதான்."

அவனுடைய லைசென்ஸைப் படம் எடுத்துக்கொண்டாள். லட்டையும் திருப்பித் தரவில்லை.

வக்கீல் கடிதம் வந்தது. தான் கண்ணால் பார்க்காத ஸ்ட்ராபெரிக்காக நீல லாரியை விற்று ஈடு கட்டினான் குர்லால். அடுத்த திங்கட்கிழமை பிக்கரின் லாரியில் ஏறி உட்கார்ந்தான். அடுத்த கல்யாணத்தில் பிக்கர் தோளில் கையைப் போட்டான். "எங்க ஜீஜாஜி. நம்ம டிரைவர். வாங்காதீங்கன்னு தலையால தண்ணி குடிச்சேன், கேக்கலை."

இப்படி ஒரு மைத்துனன் கிடைக்க இவன் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று கூட்டம் பேசிக்கொண்டது. குர்லாலுக்கே ஒரு கணம் அப்படித் தோன்றி, அவமானத்தில் கண் கலங்கிவிட்டது. முதல் தடவையாக மைத்துனன் பேச்சைக் கேட்டிருக்கலாமே என்று நினைத்தான்.

மிச்சமிருந்த நம்பரையாவது தள்ளிவிடலாம் என்று டிம்பியிடம் போனான்.

"வித்துடலாம்ஜி. வாங்க வர்றவனுக்கு மச்சான் யாராவது இருக்காங்களா, பாருங்க," என்றான் டிம்பி.

"மச்சான் எதுக்கு?"

"பழைய ஓனர் சொல்லிக்குடுத்த வழி அது. உங்க விஷயத்துல எவ்வளவு சுலபமா முடிஞ்சுது."

"பழைய ஓனர்னா? அந்த முழங்கால் வலி அம்மாவா?"

டிம்பி அவனை ஏற இறங்கப் பார்த்தான். "குடும்பத்துக்குள்ள கைமாறினதுதானே, இதுக்குள்ள தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன். அந்தம்மா உங்க மச்சான் பிக்கர் பாஜியோட மாமியார். பேரு மட்டும்தான் அவங்களோடது, கம்பெனி அவரோடது. 'பந்தியில நாலு பேர் முன்னாடி வாங்காதீங்கன்னு சொல்லிடறேன், ஜீஜாஜி மறுநாளே உன் வாசல்ல வந்து நிப்பாரு'ன்னு சொல்லிட்டுப் போனாரு. நீங்கதான் மறுநாள்வரைக்கும்கூடப் பொறுக்கல."